வேலையை விடும்போதும் ஒரு முறை உண்டு



தமிழ்ப்பள்ளியில் படிநிலை இரண்டில் பயிலும் மாணவர்களுக்கு அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, தேதி, தலைப்பு, பத்தி பிரித்தல், இறுதியில் கையொப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. இடைநிலைப்பள்ளியிலும் இப்பயிற்சி தொடர்கிறது. வேலைக்கு விண்ணப்பம் எழுதவும் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால், கிடைத்த வேலையிலிருந்து எவ்வாறு விலகுவது என்பதை எந்த வகுப்பிலும் யாரும் கற்பிப்பதில்லை. வீட்டிலும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இந்தச் சிறிய இடைவெளியால் நம் பிள்ளைகள் இழக்கும் பணமும் மானமும் சிறியவை அல்ல. அதைப் பற்றியே இன்று எழுத விழைகிறேன்.

கோலா கெத்தில் தோட்டப்புறத்தில் ஆசிரியராக இருப்பவனுக்குப் பாடம் கற்பிப்பது மட்டும் வேலை அன்று. மலாயிலோ ஆங்கிலத்திலோ கடிதம் வந்தால் அதைப் படித்துச் சொல்வதும் அவன் வேலைதான். முன்னாள் மாணவர்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பினாங்கு என்று தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் மருந்தகங்களுக்கும் வேலைக்குச் செல்கிறார்கள். அங்கே சிக்கல் எழுந்தால், கடிதத்தை எடுத்துக்கொண்டு பழைய ஆசிரியரிடம் வருகிறார்கள். இத்தனை ஆண்டுகளில் நான் கேட்ட முறையீடுகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று: "ஐயா, விலகல் கடிதம் கொடுத்தேன், முதலாளி ஏற்றுக்கொள்ள முடியாது என்கிறார்." இரண்டு: "மூன்று மாத நோட்டீஸ் கொடுத்தால்தான் விடுவார்களாம்." மூன்று: "கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்." நான்கு: "கடிதத்தைக் கொடுத்த அன்றே, நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டார்கள்."

நான்கிற்கும் அடிப்படை ஒன்றுதான். முன்னறிவிப்புக் காலம் என்பது முதலாளி தொழிலாளிக்குப் பூட்டும் விலங்கு என்று இரு தரப்பினரும் நம்புகிறார்கள். உண்மையில் அது இருவரும் ஒருவருக்கொருவர் சம அளவில் கொடுத்துக்கொள்ளும் வாக்குறுதி. விலகுபவர் திடீரென்று போய்விட்டால் முதலாளிக்கு ஆள் இல்லை. விலக்குபவர் திடீரென்று வெளியே அனுப்பினால் தொழிலாளிக்குச் சோறு இல்லை. இரண்டையும் தடுப்பதற்காகத்தான் கால அவகாசம். இந்தச் சமநிலையைப் பிள்ளைகள் புரிந்துகொண்டால் மற்றவை தாமே தெளியும் என்பது என் கருத்து.

சட்டம் சொல்வது என்ன?

தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரியது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். மலாயில் 'அக்தா கெர்ஜா 1955' என்பார்கள். முன்பு இது குறிப்பிட்ட வருமானத்துக்கு உட்பட்டவர்களையும் சில வகைத் தொழிலாளர்களையும் மட்டுமே காத்தது. 2022-இல் நிறைவேறிய திருத்தம் 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தபின், மிகைநேரச் சம்பளம் போன்ற சில பிரிவுகளைத் தவிர, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் தனியார் துறையில் வேலை செய்பவர்களுக்கு இது பொருந்துகிறது. என்னைப் போன்ற அரசாங்க ஆசிரியர்களுக்குத் தனி விதிகள் உள்ளன. இங்கே எழுதுபவை எங்களுக்குப் பொருந்தா.

இச்சட்டத்தின் 12-ஆம் பிரிவை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் எண்ணத்தை எந்தத் தரப்பும் எந்த நேரத்திலும் மற்றத் தரப்புக்கு அறிவிக்கலாம் என்கிறது அது. அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். கடிதம் கொடுக்கும் நாளும் முன்னறிவிப்புக் காலத்தில் அடங்கும். அக்காலம் எவ்வளவு என்று நியமனக் கடிதத்தில் எழுதியிருந்தால் அதுவே அளவு. எழுதாமல் விட்டிருந்தால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 8 வாரம். இவை குறைந்தபட்ச அளவுகள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்தக் கால அளவு முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்னும் விதி. முதலாளிக்கு ஓர் அளவு, தொழிலாளிக்கு வேறோர் அளவு என்று எழுதச் சட்டம் இடம் தரவில்லை.

இப்போது அந்த நான்கு முறையீடுகளையும் எடுத்துப் பாருங்கள். முன்னறிவிப்பு என்பது அறிவிப்பு, விண்ணப்பம் அன்று. விடுப்புக் கேட்டால் முதலாளி மறுக்கலாம். விலகல் கடிதத்தை 'ஏற்கவில்லை' என்று சொல்லி ஒருவரை நிறுத்தி வைக்க முடியாது. நம் பிள்ளைகள் செய்வது என்னவென்றால், "தயவுகூர்ந்து என்னை வேலையிலிருந்து விலக அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுகிறார்கள். பள்ளியில் நாம் கற்றுத்தந்த விடுப்புக் கடிதத்தின் நடை அது. அனுமதி கேட்டு எழுதினால் அனுமதி மறுக்கப்படத்தான் செய்யும். "இன்ன தேதியிட்ட இக்கடிதத்தின்வழி நான்கு வார முன்னறிவிப்புத் தருகிறேன், என் கடைசி வேலை நாள் இன்ன தேதி" என்று எழுதினால் போதும். மரியாதை குறையாது; பொருளும் மாறாது.

மூன்று மாத நோட்டீஸ் பற்றிய முறையீட்டுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முன்னாள் மாணவி தம் நியமனக் கடிதத்தைக் கொண்டுவந்தார். தனியார் நிறுவனம் ஒன்றில் எழுத்தர் வேலை. தொழிலாளி விலகினால் மூன்று மாத முன்னறிவிப்பு. நிறுவனம் விலக்கினால் 24 மணி நேர முன்னறிவிப்பு என்று அதில் எழுதியிருந்தது. சேரும்போது அவர் அதைப் படிக்கவில்லை. படித்திருந்தாலும், "கம்பெனி வைத்த சட்டம்" என்று கையொப்பம் இட்டிருப்பார். நாட்டின் சட்டம் இருக்க, கம்பெனி தனியாக ஒரு சட்டம் வைக்க முடியாது. சட்டம் தரும் நன்மையைவிடக் குறைவானதைத் தரும் ஒப்பந்த விதி செல்லாது என்று 7-ஆம் பிரிவு கூறுகிறது. இந்தச் செய்தியை அவர் கேட்டபோது முகத்தில் தோன்றிய வியப்பை நான் மறக்கவில்லை. சமமாக இல்லாத ஒரு விதிக்கு அஞ்சி, வேறிடத்தில் கிடைத்த நல்ல வேலையை அவர் விட்டுவிட இருந்தார். தொழிலாளர் அலுவலகத்துக்குச் சென்று கேட்டுத் தெளிந்தபின் கடிதம் கொடுத்து விலகினார்.

அதே வேளையில், மூன்று மாதம் என்பது இரு தரப்புக்கும் சமமாக எழுதப்பட்டிருந்தால் அது செல்லும். அதனால்தான் கையொப்பம் இடுவதற்கு முன் படிக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்தது கடைசிச் சம்பளம். முன்னறிவிப்புக் காலத்தை முழுமையாக முடித்தவருக்கு, வேலை முடியும் நாளிலேயே சேரவேண்டிய சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் விலகவும் 13-ஆம் பிரிவு வழி தருகிறது. எந்தத் தரப்பும் மிச்சக் காலத்துக்குரிய சம்பளத்துக்கு ஈடான தொகையைக் கட்டிவிட்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். மக்கள் வழக்கில் இதைத்தான் '24 மணி நேர நோட்டீஸ்' என்கிறார்கள். ஆனால், 24 மணி நேரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. பணம் கட்ட வேண்டும். அந்தத் தொகையைக் கடைசிச் சம்பளத்தில் கழித்துக்கொள்ள முதலாளிக்கும் உரிமை உண்டு.

இங்கேதான் இரண்டு தரப்பும் கணக்கில் தவறுகின்றன. கட்ட வேண்டியது மிச்ச நாளுக்கு மட்டும். நான்கு வாரத்தில் மூன்று வாரம் வேலை செய்தவர் ஒரு வாரச் சம்பளத்தைத்தான் ஈடு செய்ய வேண்டும். நான்கு வாரத்துக்கும் அன்று. கழித்ததுபோக எஞ்சிய சம்பளத்தைத் தொழிலாளி விலகிய நாளிலிருந்து மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும். 'முன்னறிவிப்பு இல்லாமல் போனவனுக்குச் சம்பளமே இல்லை' என்று மொத்தத்தையும் வைத்துக்கொள்வது சட்டத்துக்குப் புறம்பானது. வேலை செய்த நாளுக்குரிய கூலி, விலகியவர் எப்படி விலகினாலும் அவருடையதே.

நான்காவது முறையீட்டைத்தான் பலரும் முறையீடாகவே கருதுவதில்லை. விலகல் கடிதம் கொடுத்தவரை, "இன்றோடு போய்விடு" என்று அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளையும், நாமே விலகியதுதானே என்று பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறான். முன்னறிவிப்புக் காலத்தை முதலாளி தாமே குறைத்துக்கொண்டால், மிச்ச நாளுக்குரிய தொகையை அவர்தான் கட்ட வேண்டும். அதே 13-ஆம் பிரிவு, திசைதான் வேறு. இந்தத் தொகையைக் கேட்டு வாங்கிய பிள்ளைகளை என் அனுபவத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மேலும் இரண்டு குறிப்புகள். எடுக்காமல் மிஞ்சிய ஆண்டு விடுப்பை, வேலை முடியும் நாளுக்கு முன் எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. இரண்டாவதாக, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்காத முதலாளி, ஒப்பந்தத்தைத் தாமே முறித்தவராகக் கருதப்படுகிறார். அந்நிலையில் தொழிலாளி முன்னறிவிப்பு இல்லாமலே விலகலாம். ஆனால், அவசரப்பட்டு விலகுவதற்கு முன் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நலம்.

அச்சம் எங்கிருந்து வந்தது?

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நம்மவர் ஏன் அஞ்சுகிறார்கள்? படிக்காதவர்கள் என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. என்னிடம் வருபவர்களில் எஸ்.பி.எம். முடித்தவர்களும் பட்டயக் கல்வி பெற்றவர்களும் இருக்கிறார்கள். காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது.

நம் மூதாதையரில் பலர் ஒப்பந்தக் கூலிகளாக இந்நாட்டுக்கு வந்தார்கள். அக்காலத்தில் ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டுப் போவது குற்றம், பிடிபட்டால் தண்டனை. அம்முறையில் ஆள் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறை ஓங்கியது. கங்காணி வழியாக வந்தவர் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகலாம் என்று ஏட்டில் இருந்தது. நடப்பு வேறு. தம் ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் போனால் வருமானம் போகும். கடனும் உறவும் ஊர்க்கட்டும் சேர்ந்து, ஏட்டில் இருந்த அந்த ஒரு மாதத்தை எட்டாத தூரத்தில் வைத்திருந்தன.

இலங்கை மலைநாட்டுத் தமிழர் நிலையும் இதைப் போன்றதே. அங்கே 1865-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளியை மாத ஒப்பந்தக்காரராகக் கருதியது; முன்னறிவிப்பு இல்லாமல் போனால் சிறைத் தண்டனை வரை விதிக்க இடம் இருந்தது. அதோடு 'துண்டு' என்று ஒரு முறையும் இருந்தது. இவ்வளவு கடனை அடைத்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர முடியாது. சேரும் தோட்டம் பழைய கடனை அடைக்கும். கடன் தொழிலாளியோடு தொடர்ந்து வரும். துண்டு முறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றாகவே இருந்தன. வேலையை விட்டால் லயத்து வீட்டை விட வேண்டும். வீட்டை விட்டால் பிள்ளையின் பள்ளி, கோவில், அண்டை அயல் எல்லாம் போகும். ஆகவே, விலகுவது என்பது ஒரு கடிதமாக இல்லாமல் குடும்பமே வேரோடு பெயர்வதாக இருந்தது. மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் தந்தையின் முகத்தில் ஆசிரியர்கள் நாம் இதைப் பார்த்திருக்கிறோம். அந்த அச்சம், தோட்டத்தை விட்டு வெளியேறிய மூன்றாம் தலைமுறையின் கையிலும் நடுக்கமாக இருக்கிறது.

தோட்டத்திலாவது தொழிற்சங்கம் இருந்தது. 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவரிடம் போய்க் கேட்கலாம். இன்று கடையிலும் துணை ஒப்பந்த நிறுவனத்திலும் வேலை செய்யும் பிள்ளைக்குக் கேட்க ஆள் இல்லை. கைப்பேசியில் நண்பன் சொல்வதே சட்டமாகிறது. சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவர், அங்குள்ள கணக்கை இங்கே சொல்லிவிடுகிறார். அந்நாட்டில் எழுத்தில் இல்லாதபோது ஐந்து ஆண்டு வேலை செய்தவருக்கே நான்கு வாரம்தான். இங்கே எட்டு வாரம். கேட்டவன் நான்கு வாரத்தில் நின்று இழப்பீடு கட்டுகிறான்.

நம் பக்கமும் ஒரு குறை

முதலாளிகளை மட்டும் குறை சொல்வது நேர்மை ஆகாது. சம்பளம் வங்கியில் ஏறிய மறுநாள் சொல்லாமல் நின்றுவிடும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தொலைபேசி எண்ணையும் மாற்றிவிடுகிறார்கள். விடுப்பும் இல்லாமல், தக்க காரணமும் இல்லாமல், தகவலும் சொல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவர் என்று சட்டம் கருதுகிறது. சிறு கடை நடத்துபவருக்கு ஒரே ஆள் திடீரென்று நின்றால் அன்றைய வியாபாரமே நின்றுவிடும். அவர் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒரு குடும்பக்காரராகவே இருப்பார்.

சொல்லாமல் நிற்பது துணிச்சல் என்று சிலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் அதுவும் பழைய அச்சத்தின் மறுபக்கமே. முகத்துக்கு நேரே கடிதம் கொடுக்க அஞ்சுகிறவன்தான் சொல்லாமல் போகிறான். தோட்டத்திலிருந்து இரவோடு இரவாக மூட்டை கட்டியவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

பெரியவர்கள் வேறொரு வழியில் தடுமாறுகிறார்கள். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று சொல்லிப் பிள்ளையை விலகவிடாமல் தடுக்கிறார்கள். நன்றி மறவாமை நம் பண்பு, அதில் ஐயமில்லை. ஆனால், உழைத்துப் பெற்ற கூலி இட்ட உப்பு அன்று. கூலிக்கு உழைப்பைக் கொடுத்தாயிற்று. முதலாளிக்கு நாம் காட்ட வேண்டிய நன்றி, ஒப்புக்கொண்ட முன்னறிவிப்புக் காலத்தை ஒழுங்காக முடித்து, கையில் உள்ள வேலையை அடுத்தவரிடம் சரியாக ஒப்படைத்துவிட்டு வருவதே. வாழ்நாள் முழுதும் ஒரே இடத்தில் குறைந்த கூலிக்கு இருப்பது அன்று.

பள்ளியும் வீடும் என்ன செய்யலாம்?

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வேலைச் சட்டம் எதற்கு என்று சில ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். சட்டப் பிரிவுகளை மனனம் செய்ய வைக்கும்படி நான் சொல்லவில்லை. அதிகாரப்பூர்வக் கடிதம் கற்பிக்கும்போது ஒன்றைச் சேர்த்துக் கற்பிக்கலாம்: கடிதங்களில் அனுமதி கேட்பதும் உண்டு, அறிவிப்பதும் உண்டு, இரண்டின் நடையும் வேறு. கேட்க வேண்டிய இடத்தில் பணிவாகக் கேட்கவும், அறிவிக்க வேண்டிய இடத்தில் பணிவாக அறிவிக்கவும் தெரிந்த பிள்ளை எங்கும் தலைகுனியாது. தமிழில் இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுவது கடினமாகாது.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். மூத்த பிள்ளைகளின் நியமனக் கடிதங்களைக் கொண்டுவரச் சொல்லி, எதை எங்கே பார்ப்பது என்று காட்டலாம். தொழிலாளர் துறை அதிகாரியை அழைத்துப் பேசச் சொல்லலாம். தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை என்பதே நம் பெற்றோரில் பலருக்குப் புதிய செய்தி. அங்கே விசாரணை செய்து, சேரவேண்டிய பணத்தைக் கொடுக்கும்படி கட்டளையிடும் அதிகாரம் சட்டப்படி உண்டு.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் சிலவே. பிள்ளை வேலையில் சேரும் நாளில் நியமனக் கடிதத்தின் படி ஒன்றை வீட்டில் வையுங்கள். முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு, இரு தரப்புக்கும் சமமா என்று அன்றே பாருங்கள். சம்பளச் சீட்டுகளை மாதந்தோறும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். விலகும்போது கடிதத்தை இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். வாயால் சொன்னதை எங்கும் மெய்ப்பிக்க முடியாது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் முன்னோர் கேட்டது கடனுக்கு மட்டும் உரியதன்று.

2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தத் தொகையில் வாழும் வீட்டில் ஒரு மாதச் சம்பளம் நின்றால் என்ன நின்றுபோகும் என்பதை ஆசிரியர்கள் நாம் அறிவோம்: பள்ளிப் பேருந்துக் கட்டணம், வீட்டு வாடகை, தம்பியின் காலணி. அந்தச் சம்பளத்தைக் காப்பாற்ற ஒரு தாளும் நான்கு வரியும் போதும். பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம். அந்த நான்கு வரியையும் நாமே கற்றுக்கொடுப்போம்.

உங்கள் பள்ளியில் இதை எவ்வாறு செய்யலாம் என்று கருத்துரையில் எழுதுங்கள்.